நஞ்சைப் பிடிக்கும் இரும்பு, இரும்பைத் தாங்கும் களிமண்

கழிவுநீரில் கரைந்திருக்கும் கன உலோகங்களைப் பிரித்தெடுக்க உலகெங்கும் ஆய்வகங்களில் ஒரு கறுப்புத் தூள் தயாராகிறது. அது என்ன செய்யும், என்ன செய்யாது? ராணிப்பேட்டைக்கு அது உதவுமா?

ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இயங்கிய குரோமேட் ஆலை ஒன்று 1990-களின் நடுவில் மூடப்பட்டது. தோல் பதனிடப் பயன்படும் குரோமிய உப்புகளை அது தயாரித்துவந்தது. ஆலை மூடப்பட்ட பிறகும் அதன் கழிவு அங்கேயே கிடந்தது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு திறந்தவெளியில் மேடாகக் குவிந்திருக்க, மழைக்கு மழை அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து மண்ணுக்குள் இறங்கியது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டது. செர்னோபில், நோரில்ஸ்க் ஆகிய பெயர்களோடு ராணிப்பேட்டையும் அதில் இருந்தது.

அந்த மஞ்சளுக்குக் காரணம், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். சுருக்கமாகக் குரோமியம்-6 என்போம். இதே மஞ்சள் கரைசலை ஒரு கண்ணாடிக் குடுவையில் எடுத்து, அதில் கறுப்புத் தூள் ஒன்றைப் போட்டுக் கலக்கினால் நிறம் மெல்ல வெளிறித் தண்ணீர் தெளிந்துவிடுகிறது. களிமண்மீது படியவைத்த இரும்பு நானோ துகள்களே அந்தத் தூள். சீனா, துருக்கி, ஆஸ்திரேலியா, இந்தியா எனப் பல நாடுகளின் ஆய்வகங்கள் இதில் உழைத்திருக்கின்றன. குடுவையில் நடப்பது ஒரு ஊரின் நிலத்தடி நீரிலும் நடக்குமா என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

உலோகம் அழிவதில்லை

சாக்கடையில் கலக்கும் சோற்றுக் கழிவையும் சோப்பையும் பாக்டீரியாக்கள் தின்று தீர்த்துவிடும். நாள் ஆக ஆக அந்த அசுத்தம் குறையும். காரீயம், காட்மியம், பாதரசம், குரோமியம் ஆகியவை தனிமங்கள். அவற்றைத் தின்று செரிக்க எந்த உயிரும் இல்லை. எரித்தாலும் அவை சாம்பலிலோ புகையிலோ போய்ச் சேரும். இடம் மாறும், வடிவம் மாறும், அளவு மட்டும் மாறாது. ஆகவே கன உலோகத்தைப் பொறுத்தவரை சுத்திகரிப்பு என்றால், கரைந்து ஓடும் நிலையிலிருந்து அதைக் கரையாத நிலைக்கு மாற்றி, நம் கண்பார்வையில் ஓரிடத்தில் நிறுத்துவது என்றுதான் பொருள்.

அளவுகளையும் பார்த்துவிடுவோம். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி ஒரு லிட்டர் நீரில் மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காரீயத்துக்கு எல்லை 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003. இந்தக் கணக்கில், தப்பி ஓடும் ஒரே ஒரு கிராம் குரோமியம் 20,000 லிட்டர் தூய நீரை அந்த எல்லைக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தும்.

இரண்டு குரோமியம்

குரோமியம் என்று பொதுவாகப் பேசும்போது இரண்டு வேறுபட்ட பொருள்கள் குழம்பிப்போகின்றன. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோலைப் பதனிட ஊற்றுவது குரோமியம்-3 உப்பு. தோலுக்கு நீல நிறம் ஏற்றி அதை 'வெட் புளூ' ஆக்குவது இதுதான். இது குரோமியம்-6 அளவுக்கு நஞ்சல்ல. நடுநிலையான நீரில் பெரும்பாலும் கரையாமல் வண்டலாகப் படிந்துவிடும்.

குரோமியம்-6 வேறு குணம் கொண்டது. நீரில் எளிதாகக் கரைந்து, நிலத்தடி நீரோடு நெடுந்தூரம் போகும். அதன் குரோமேட் அயனி வடிவத்தில் சல்பேட்டை ஒத்திருப்பதால், உடலின் செல்கள் அதைச் சல்பேட் என்று எண்ணி உள்ளே விட்டுவிடுகின்றன. உள்ளே போனதும் அது மரபணுப் பொருளைத் தாக்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் முதல் தொகுதியில் அதை வைத்திருக்கிறது. குரோமேட் ஆலைகளிலும் குரோமிய முலாம் பூசும் பட்டறைகளிலும் நெடுநாள் வேலை பார்த்தவர்களுக்குத் தோலில் ஆழமான புண்களும், மூக்கின் நடுத்தண்டில் துளையும் ஏற்படுவதை மருத்துவம் நூறாண்டுகளுக்கு மேலாகப் பதிவு செய்துவருகிறது.

ஆகவே குரோமியம்-6 இருக்கும் இடத்தில் முதல் வேலை, அதைக் குரோமியம்-3 ஆக மாற்றுவது. அதற்கு மூன்று எலக்ட்ரான்கள் வேண்டும். அவற்றைத் தாராளமாகக் கொடுக்கக்கூடியது, துருப்பிடிக்கத் துடிக்கும் சாதாரண இரும்பு.

துருவே மருந்து

இரும்பு துருப்பிடிப்பது என்றால் எலக்ட்ரான்களை இழப்பது. பாலத்துக்கும் கம்பிக்கும் கேடு செய்யும் அந்த வினையைக் கழிவுநீரில் நமக்குச் சாதகமாகத் திருப்பலாம். இரும்பு கைவிடும் எலக்ட்ரான்களைக் குரோமியம்-6 வாங்கிக்கொண்டு குரோமியம்-3 ஆகிறது; இரும்பு, துருவாகிறது. இரண்டும் சேர்ந்து இரும்பு–குரோமியக் கூட்டு ஹைட்ராக்சைடாக வீழ்படிகின்றன. இந்தக் கூட்டு வீழ்படிவு நீரில் மிகக் குறைவாகவே கரையும்.

இது களத்தில் நிரூபணமான வேதியியல். அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் எலிசபெத் சிட்டி என்ற ஊரில் கடலோரக் காவல்படைத் தளம் இருக்கிறது. அங்கே முலாம் பூசும் பட்டறையிலிருந்து கசிந்த குரோமியம்-6 நிலத்தடி நீர் வழியாக ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. 1996-ல் அதன் பாதையில் 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் தடிமனுக்கு இரும்புக் குருணையால் ஒரு நிலத்தடிச் சுவர் எழுப்பினார்கள். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. தண்ணீர் தன் போக்கில் சுவருக்குள் புகுந்து வெளியே வருகிறது. குரோமியம் உள்ளேயே தங்கிவிடுகிறது. பதினைந்து ஆண்டுகள் கடந்த பிறகும் அச்சுவர் குரோமேட்டைத் தடுத்து நிறுத்துவதை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்.

ஒரு கன சென்டிமீட்டரில் அரை கிரவுண்டு

குருணை இரும்பின் குறை, அதன் மெதுவான வேகம். வினை நடப்பது மேற்பரப்பில் மட்டுமே என்பதால், குருணையின் உள்ளிருக்கும் இரும்பு சும்மா கிடக்கிறது. பொடியாக்கப் பொடியாக்க மேற்பரப்பு கூடும்.

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள இரும்புக் கட்டியின் மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை 50 நானோமீட்டர் பக்கமுள்ள சின்னஞ்சிறு கட்டிகளாக வெட்ட முடிந்தால் மேற்பரப்பு 120 சதுர மீட்டராக விரியும். நம் ஊர்க் கணக்கில் அரை கிரவுண்டுக்குச் சற்று அதிகம். எட்டு கிராம்கூட இல்லாத இரும்பில் அவ்வளவு வேலைத்தளம் கிடைக்கிறது.

1997-ல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் வெய்-ஷியான் ஷாங்கும் அவர் சகாவும் இத்தகைய நானோ இரும்பைத் தண்ணீர்ச் சுத்திகரிப்புக்குக் கொண்டுவந்தார்கள். இரும்பு உப்புக் கரைசலில் சோடியம் போரோஹைட்ரைடைச் சொட்டுச் சொட்டாக விட, ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பிக் கரைசல் கறுக்கும். அந்தக் கறுப்புதான் நானோ இரும்பு. 2000-ல் நியூஜெர்சியின் டிரென்டனில் நிலத்துக்குள் செலுத்தியும் சோதித்தார்கள்.

ஆனால் இந்தத் துகள்களுக்குக் காந்தக் குணம் இருப்பதால் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். கொதிநீரில் ரவையை மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டி, உள்ளே வேகாமல் கிடக்குமே, அப்படித்தான் இதுவும். கட்டி தட்டிய நானோ இரும்பு நானோவாக இருப்பதில்லை. பாடுபட்டுப் பெற்ற மேற்பரப்பு போய்விடும். போதாததற்கு உலர்ந்த நானோ இரும்பு காற்றுப் பட்டாலே தீப்பற்றக்கூடியது. மிகப் பொடியாக இருப்பதால் வடிகட்டிப் பிரிப்பதும் பெரும்பாடு.

களிமண் வந்த வழி

துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி உட்காரவைக்க ஒரு தாங்கி வேண்டும். 2000-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் மல்லூக்கின் குழு ரெசின்மீது நானோ இரும்பைப் படியவைத்துக் குரோமியம்-6, காரீயம் இரண்டையும் நீரிலிருந்து நீக்கிக் காட்டியது. ரெசினுக்குப் பதில் இன்னும் மலிவான தாங்கியைத் தேடியவர்கள் களிமண்ணுக்கு வந்து சேர்ந்தார்கள்.

2009-ல் துருக்கியின் இஸ்மீர் நகரத்து ஆய்வாளர்கள் கயோலின் களிமண்மீது இரும்பைப் படியவைத்துச் செம்பு, கோபால்ட் அயனிகளைப் பிடித்தார்கள். சீனாவின் ஃபூஜியானில் சென் சூலியாங்கின் குழு கயோலினைக் காரீயத்துக்கும், பென்டோனைட்டைக் குரோமியம்-6-க்கும் பயன்படுத்தியது. 2011-ல் வெளிவந்த பென்டோனைட் ஆய்வில், முலாம் பட்டறையிலிருந்து கொண்டுவந்த நிஜக் கழிவுநீரிலும் சோதித்திருந்தார்கள்.

பென்டோனைட் நமக்குப் புதிதில்லை. கட்டடத்துக்குப் பைல் இறக்கும்போது குழி சரியாமலிருக்க ஊற்றும் சேறு அதுதான். மின் இணைப்புக்கு எர்த் குழி போடுபவர்களும் அதை அறிவார்கள். குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏராளமாகக் கிடைக்கிறது. அதன் முக்கியக் கனிமமான மான்ட்மோரில்லோனைட், மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்தது. தகடுகளில் எதிர்மின் சுமை இருப்பதால், நேர்மின் சுமை கொண்ட இரும்பு அயனிகள் தாமாகவே வந்து அமர்கின்றன. அவை அமர்ந்த இடத்திலேயே போரோஹைட்ரைடால் உலோக இரும்பாக மாற்றினால், ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் தங்கிவிடும்.

களிமண் வெறும் தாங்கி மட்டுமா? காரீயம், காட்மியம், நிக்கல், செம்பு ஆகியவை நீரில் நேர்மின் அயனிகள். அவற்றைக் களிமண்ணே இழுத்து வைத்துக்கொள்ளும். குரோமேட் எதிர்மின் அயனி. வெறும் களிமண் அதைத் தள்ளிவிடும். அங்கே இரும்பு இல்லாமல் ஒன்றும் நடக்காது. பல உலோகங்கள் கலந்து வரும் முலாம் பட்டறைக் கழிவுநீருக்கு இந்தக் கூட்டணி பொருந்துவது இதனால்தான்.

எந்த உலோகத்துக்கு எந்த வழி?

*குரோமியம்-6:* இரும்பிடம் எலக்ட்ரான் பெற்றுக் குரோமியம்-3 ஆகி, இரும்போடு சேர்ந்து வீழ்படிகிறது.

*செம்பு, பாதரசம், வெள்ளி:* இரும்பைவிட எலக்ட்ரான் நாட்டம் மிகுந்தவை. உலோகமாகவே மாறித் துகள்மீது படிகின்றன.

*காரீயம், நிக்கல்:* ஒரு பகுதி உலோகமாகிறது. மறு பகுதி இரும்பின் ஆக்சைடு உறையிலும் களிமண்ணிலும் ஒட்டிக்கொள்கிறது.

*துத்தநாகம், காட்மியம்:* துத்தநாகத்தை இரும்பால் உலோகமாக்க முடியாது. காட்மியம் கிட்டத்தட்ட இரும்பின் நிலையிலேயே இருக்கிறது. இரண்டும் பெரும்பாலும் ஒட்டிக்கொள்வதோடு சரி. நீர் அமிலமானால் மீண்டும் கழன்று வரலாம்.

*ஆர்செனிக்:* இரும்பின் துரு உறையோடு உறுதியாகப் பிணைகிறது.

அன்னபேதியோடு ஒப்பிட்டால்

இன்றைய பட்டறைகள் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. கழிவுநீரை அமிலமாக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட்டோ அன்னபேதி என்கிற ஃபெரஸ் சல்பேட்டோ போட்டுக் குரோமியம்-6-ஐ மாற்றி, சுண்ணாம்பு ஊற்றி வீழ்படியவைப்பது பழகிய முறை. மலிவு, எளிது, ஒழுங்காகச் செய்தால் பலனும் உண்டு. புதிய முறை இதைவிட எந்த வகையில் மேல் என்று சொல்லியாக வேண்டும்.

வேதியியல் கணக்கு இது. அன்னபேதியின் இரும்பு அணு ஒன்று, ஒரு எலக்ட்ரானை மட்டுமே கொடுக்கும். ஒரு குரோமியத்துக்கு மூன்று இரும்பு வேண்டும். எடையில் பார்த்தால் ஒரு கிராம் குரோமியம்-6-க்கு ஏறத்தாழ 16 கிராம் அன்னபேதி. உலோக இரும்பின் அணு ஒன்று மூன்று எலக்ட்ரான்களையும் கொடுத்துவிடும். ஏட்டுக் கணக்கில் ஒரு கிராம் குரோமியத்துக்கு 1.1 கிராம் இரும்பு போதும். அன்னபேதியோடு வரும் சல்பேட் உப்பும் கிடையாது. ராணிப்பேட்டை அமைந்திருக்கும், ஏற்கெனவே உப்பில் தத்தளிக்கும் பாலாற்றுப் படுகைக்கு இது சிறிய லாபம் அல்ல.

ஏட்டுக் கணக்கு அப்படியே நடைமுறைக்கு வராது. நீரில் கரைந்த ஆக்சிஜனும் நைட்ரேட்டும், ஏன், தண்ணீரேகூட இரும்பின் எலக்ட்ரான்களைத் தின்னும். அதனால் சில மடங்கு கூடுதல் இரும்பு தேவைப்படும். களிமண்ணின் எடையும் கடைசியில் சேற்றில்தான் சேரும். போரோஹைட்ரைடு விலை உயர்ந்த வேதிப்பொருள். அதற்குப் பதில் தேயிலைச் சாற்றின் பாலிபீனால்களைக் கொண்டு இரும்புத் துகள் தயாரிக்கும் முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் அப்படிக் கிடைப்பது பல நேரங்களில் உலோக இரும்பாக இல்லாமல் இரும்பு–பாலிபீனால் கூட்டுப்பொருளாகவே இருக்கிறது. இரண்டின் ஆற்றலும் ஒன்றல்ல.

குடுவைக்கு வெளியே

ஆய்வுக் கட்டுரைகளில் 'நூறு சதவீதம் நீக்கம்' என்ற வரி அடிக்கடி வரும். பெரும்பாலும் அது வாலை வடிநீரில் ஒரே ஒரு உலோகத்தைக் கரைத்துச் செய்த சோதனையின் முடிவு. நிஜக் கழிவுநீரில் உப்பு, எண்ணெய், சாயம், கொழுப்பு எல்லாம் இருக்கும். அமிலத்தன்மை குறையக் குறைய இரும்பின் மேல் துருவும் குரோமியமும் சேர்ந்த உறை படிந்து, உள்ளிருக்கும் இரும்பை மூடிவிடும். வினை நின்றுபோகும்.

ராணிப்பேட்டை மேட்டின் விஷயத்தில் இந்த நுணுக்கம் முக்கியமானது. குரோமியத் தாதுவைச் சோடா உப்பும் சுண்ணாம்பும் சேர்த்து வறுத்துக் குரோமேட் எடுப்பது பழைய ஆலைமுறை. அப்படி மிஞ்சும் கழிவு கடுமையான காரத்தன்மை உடையது. மேட்டின்மீது நானோ இரும்பைக் கொட்டினால் அது சீக்கிரமே செயலிழந்துவிடும். துகளுக்குள் புதைந்திருக்கும் குரோமியத்தை எட்டவும் முடியாது. மேட்டை அகற்றியோ, மழை புகாமல் மூடி அடைத்தோதான் கட்டுப்படுத்த வேண்டும். களிமண்–இரும்புக்கு உரிய இடம், அங்கிருந்து கசிந்து ஏற்கெனவே நிலத்தடியில் பரவிவிட்ட நீர். இறைத்துச் சுத்திகரிக்கும் நிலையத்திலோ, நீரோட்டத்தின் குறுக்கே எழுப்பும் நிலத்தடிச் சுவரிலோ அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

தோல் பதனிடும் டேனரிகளில் நிலைமை வேறு. ஊற்றும் குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கே தோல் ஏற்கும். மிச்சம் கழிவுநீரில் போகும். இது குரோமியம்-3. மக்னீசியம் ஆக்சைடு போட்டு வீழ்படியவைத்து, அமிலத்தில் கரைத்து மீண்டும் அதே தொட்டிக்குக் கொண்டுவர முடியும். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நீரின்றியே குரோமியத்தைத் தோலில் ஏற்றும் முறையையும் உருவாக்கியிருக்கிறது. மீட்டெடுக்கக்கூடிய பொருளை நானோ துகளால் சேறாக்குவது வீண். முலாம் பட்டறைகளின் அலசுநீரும், குரோமேட் கலந்த நிலத்தடி நீருமே இந்தத் தூளுக்கு ஏற்ற களங்கள்.

ஆய்வகத்துக்கும் ஊருக்கும் நடுவே பாலம் போட முடியாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சென்னை ஐஐடி பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு, கைட்டோசான் என்னும் இயற்கைப் பலபடியில் நானோ அளவு இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடைப் பொதிந்து, குடிநீரிலிருந்து ஆர்செனிக்கை நீக்கும் 'அம்ரித்' பொருளை உருவாக்கியது. மேற்கு வங்கம், பஞ்சாப் உள்ளிட்ட மாநிலங்களில் அது பல லட்சம் மக்களுக்குத் தண்ணீர் தருகிறது. இரும்பு ஆக்சைடு வேறு, உலோக இரும்பு வேறு. குடிநீர் வேறு, ஆலைக் கழிவுநீர் வேறு. ஆனாலும், இயற்கைத் தாங்கியில் நானோ இரும்பு என்ற கருத்தைக் குடுவையிலிருந்து கிராமத்துக்குக் கொண்டுபோகும் திறமை சென்னையிலேயே இருக்கிறது என்பதற்கு அது சான்று.

சேறு எங்கே போகும்?

எல்லாம் நன்றாக நடந்தாலும் கடைசியில் ஒரு சேறு மிஞ்சும். குரோமியம் அதில்தான் இருக்கும். அதை எங்கே வைப்பது என்ற கேள்வியைத் தள்ளிப்போட்டதற்கு நாம் கொடுத்த விலை பெரிது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் சேற்றுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். சுத்திகரிப்பின் கடைசிப் படி தவறினால் உயிர் போகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

பிடித்துவைத்த குரோமியம்-3 என்றென்றும் அப்படியே இருக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. மண்ணில் இருக்கும் மாங்கனீசு ஆக்சைடு அதை மீண்டும் குரோமியம்-6 ஆக்கக்கூடியது. இரும்போடு சேர்ந்து படிந்த வீழ்படிவு ஓரளவு உறுதியானதுதான். இருந்தாலும் அது அடியில் கசியாத, மேலே மழை புகாத, சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் உள்ள கிடங்கில்தான் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் அந்தத் தீர்ப்பு, பாலாற்றுப் படுகையின் கண்ணீரிலிருந்து பிறந்தது. 2025 ஜனவரி 30 அன்று அதே படுகைக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் பேச வேண்டியிருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். இந்தக் காலத்தில் அறிவியல் சும்மா இருக்கவில்லை. நிர்வாகம்தான் அதன் கையைப் பிடித்துக் களத்துக்குக் கூட்டிவரவில்லை.

ராணிப்பேட்டையின் மாசுபட்ட நிலத்தடி நீரில் ஒரு முன்னோட்டச் சோதனை நடத்த இப்போது தடையாக எதுவும் இல்லை. வடிநீரில் செய்யும் சோதனை போதாது. அந்த ஊர்க் கிணற்று நீரிலேயே செய்ய வேண்டும். அன்னபேதி, குருணை இரும்பு, களிமண்–நானோ இரும்பு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு கிராம் குரோமியத்தை நீக்க ஆகும் செலவையும் மிஞ்சும் சேற்றின் எடையையும் வெளிப்படையாக எழுத வேண்டும். குருணை இரும்பே போதுமென்று தெரிந்தால் அதையே போடலாம். புதியது என்பதற்காக நானோவைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. துகள் நீரோடு வெளியேறுகிறதா என்று அளக்க வேண்டும். கட்டற்ற நானோ இரும்பு நுண்ணுயிர்களுக்குத் தீங்கு செய்யக்கூடியது. சேற்றுக்கான கிடங்கு, சோதனை தொடங்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும். செலவை 1996-ன் தீர்ப்பு சொன்ன இடத்திலிருந்து வசூலிக்க வேண்டும்.

அளவீடுகள் கோப்பில் முடங்கக் கூடாது. எந்தக் கிணற்றில், எந்த மாதம், லிட்டருக்கு எவ்வளவு குரோமியம் என்பதை அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் எழுதிவைக்க வேண்டும். 0.05 என்ற எண் மக்களுக்குத் தெரிந்தால், சுத்திகரிப்பு வெற்றியா தோல்வியா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். இரும்புக்கும் களிமண்ணுக்கும் இந்த நாட்டில் பஞ்சமில்லை. அவற்றின் வேதியியலை அறிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. இனி தாமதத்துக்குச் சொல்லும் எந்தக் காரணத்தையும் பாலாற்றுக்கரை மக்கள் ஏற்க வேண்டியதில்லை.